கட்டிவிட்ட கணையும் கண்டறிந்த கதிரும்

"எல்லாம் நம்மிடம் இருந்தன! அன்றே இருந்தன! அயலான் அரிச்சுவடி அறியுமுன்பே நம் முனிவர்கள் அனைத்தையும் அறிந்திருந்தனர்!"

இது பழைய பல்லவி. கோயில் மண்டபத்திலே கதாகாலட்சேபம் நடத்துவோர் பாடினால், "கதைதானே" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். கேட்டவர்க்குப் பொழுது போகும், சொன்னவர்க்குச் சம்பாவனை கிடைக்கும், யாருக்கும் நட்டமில்லை. ஆனால், பல்லவி பாடப்பட்ட இடம் மண்டபமல்ல என்றால்? பாடியவர் பாகவதரல்ல என்றால்? கேட்டவர்கள் பொழுதைப் போக்க வந்த பெரியவர்களல்ல என்றால்?

2019 ஜனவரித் திங்கள். பஞ்சாபில் உள்ள ஜலந்தர் நகரம். இந்திய அறிவியல் மாநாட்டின் 106ஆவது கூட்டம். சிறுவர் சிறுமியர் அமர்ந்திருந்த அரங்கிலே எழுந்து நின்றார் ஒருவர். பஞ்சாங்கம் கணிப்பவரல்லர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அந்நாளைய துணைவேந்தர்! இராமன் அஸ்திரங்களை ஏவினானாம். திருமாலின் சக்கரம் இலக்கைத் துரத்திச் சென்று தாக்கிவிட்டு, ஏவிய கைக்கே திரும்பி வந்ததாம். ஆகவே, குறிதேடிச் செல்லும் ஏவுகணை விஞ்ஞானம் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே இந்நாட்டில் இருந்ததாம்!

அறிவியலாளர் பலர் கண்டித்தனர். கண்டனம் ஏட்டிலே வந்தது. அஸ்திரமோ பிள்ளைகளின் நெஞ்சிலே தைத்தது. ஏட்டில் வந்த கண்டனத்தை எத்தனை பிள்ளைகள் படித்திருப்பர்? துணைவேந்தர் சொன்னதை எத்தனை பிள்ளைகள் வீட்டிற்குச் சென்று பெருமையுடன் சொல்லியிருப்பர்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பேச்சு நிகழ்வதற்கு நான்கு வாரங்கூட ஆகவில்லை. 2018 டிசம்பர் 10 அன்று, ஸ்டாக்ஹோம் நகரிலே, இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதில் ஒரு பாதி ஆர்தர் ஆஷ்கினுக்கு. மறு பாதியைப் பகிர்ந்துகொண்டோர் ஜெரார் மூரூ, டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்னும் இருவர். லேசர் ஒளியை நினைத்தற்கரிய வலிமையுள்ள நுண்ணிய துடிப்பாகச் செய்யும் வழியைக் கண்டதற்காக அந்தப் பரிசு. ஜலந்தர்ப் பேச்சிற்குப் பின் இரண்டு திங்கள் நிறையுமுன், 2019 பிப்ரவரியில், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அத்தகைய ஒளித்துடிப்பைக் கொண்டு, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழலுக்குள், எலெக்ட்ரான்களை 780 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கிவிட்டோம் என்றது அவ்வறிக்கை.

மூன்று திங்களுக்குள் மூன்று காட்சிகள். முன்னும் பின்னும் உண்மைக் கதிர்; நடுவிலே பொய்க் கணை. நம் பிள்ளைகளின் பங்கிற்கு வந்தது நடுக்காட்சி. ஏன் வந்தது? முன்னும் பின்னும் நடந்தவற்றை அவர்களுக்கு எவரேனும் எடுத்துரைத்தனரா? இல்லை. ஆகவே, நாம் உரைப்போம், தமிழிலேயே உரைப்போம். "இவையெல்லாம் தமிழிலே சொல்ல முடியாதவை" என்போர் அருகிருந்து கேட்கட்டும்.

கதிர் பிறந்த கதை

அணுவினும் சிறிய துகள்களை விரைவுபடுத்தும் பொறிக்குத் துகள் முடுக்கி என்று பெயர். உலோக அறைகளுக்குள் மின்புலத்தை எழுப்பி, அப்புலத்தால் எலெக்ட்ரானைத் தள்ளித் தள்ளி விரைவு ஏற்றுவர். புலத்தை வலுவாக்கினால் சிறிய தொலைவிலேயே பெரிய ஆற்றல் கிடைக்குமே என்று தோன்றும். தோன்றும், ஆனால் நடவாது. அளவு மீறினால் உலோகச் சுவரிலே தீப்பொறி பறக்கும், அறை பழுதாகும். எனவே, வலுவைக் குறைத்து நீளத்தைக் கூட்டினார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள நேர்கோட்டு முடுக்கி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம். அது எட்டிய உச்சம் 5,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு 100 கோடிக்கும் 60 மீட்டர்! பொறி வளர்ந்தது, செலவு வளர்ந்தது, பொறி வைக்கும் நிலமும் வளர்ந்தது. ஏழை நாடு எட்ட முடியாத உயரத்திற்கு எல்லாம் வளர்ந்தன.

1979ஆம் ஆண்டு, கலிபோர்னியாவிலே தொஷிகி டஜிமா, ஜான் டாசன் என்னும் இருவர் புதியதோர் எண்ணத்தை ஏட்டில் வெளியிட்டனர். சுவர் உடைகிறது என்பதுதானே தொல்லை? ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பொருளைக் கொண்டு முடுக்கினால் என்ன? அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, நேர்மின்னும் எதிர்மின்னும் கலந்து உலவும் நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னல் பாயும் வழியிலும், கதிரவனிலும் உள்ள நிலை அது. அதற்குச் சுவருமில்லை, உடைவதற்கு மிச்சமுமில்லை.

அந்தப் பிளாஸ்மாவுக்குள் கடுமையான ஒளித்துடிப்பு ஒன்று பாய்ந்தால் என்னாகும்? இலேசான எலெக்ட்ரான்கள் இருபுறமும் ஒதுக்கித் தள்ளப்படும். கனத்த அயனிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். துடிப்பு கடந்ததும், ஒதுங்கிய எலெக்ட்ரான்களை அயனிகள் இழுக்கும். அவை ஓடிவரும், வந்த விரைவிலே அப்பாலும் செல்லும், மீண்டும் திரும்பும். இப்படித் துடிப்பின் பின்னே ஓர் அலை எழும். விசைப்படகு விரையும்போது அதன் பின்னே கடலில் எழும் அலைபோல. அந்த அலை, ஒளியின் விரைவை ஒட்டியே ஓடும். கரைக்குத் திரும்பும் கட்டுமரம் அலையின் முதுகேறி வருவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல், தக்க இடத்திலே ஏறிக்கொண்ட எலெக்ட்ரானை அந்த அலை ஏந்திச் செல்லும். உலோக அறைகளில் கிடைப்பதைப்போல் ஆயிரம் மடங்கு வலிய மின்புலம் அங்கே!

எண்ணம் எழில் மிக்கது. ஆனால் கையிலே கருவி இல்லை. தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தது 1960இல். 1979லும், இத்தகைய அலையை எழுப்பும் வலிமையுள்ள குறுந்துடிப்பு கிடைக்கவில்லை. ஒளியைப் பெருக்கப் பெருக்க, பெருக்கும் பொருளே பழுதானது. இங்கேதான் வருகிறார்கள் மூரூவும் ஸ்ட்ரிக்லண்டும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியர், இவர் மாணவி. 1985இல் அவர்கள் வெளியிட்ட வழி இது: துடிப்பை முதலில் நீளமாக இழுத்து நீட்டு, நீண்டதால் கூர்மை குறையும், கூர்மை குறைந்ததைப் பெருக்கினால் கருவி பழுதாகாது, பெருக்கி முடித்தபின் மீண்டும் சுருக்கு! இழுத்தல், பெருக்கல், சுருக்கல் — மூன்றே சொல். அவற்றால் லேசரின் வரலாறே திரும்பிற்று.

பெர்க்லியிலே 2019இல் பயன்பட்ட துடிப்பின் உச்ச வலிமை ஏறத்தாழ 85,000 கோடி கிலோவாட். மலைக்காதீர்கள்! அதில் அடங்கிய மொத்த ஆற்றல், 100 வாட் விளக்கு ஒரு விநாடி எரிய வேண்டிய ஆற்றலைவிடக் குறைவு. பின் எப்படி இவ்வளவு வலிமை? நேரத்தைக் குறுக்கியதால்! ஒரு விநாடியைப் பத்துக் கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மீண்டும் ஒரு கோடிக் கூறாக்கினால் வருவது ஒரு ஃபெம்டோ விநாடி. அத்தகைய சில பத்து ஃபெம்டோ விநாடிகளுக்குள் அவ்வாற்றல் முழுதும் பாய்கிறது. இதிலே மாயமில்லை, மந்திரமில்லை, வகுத்தல் கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கலாம்.

கருவி வந்ததும் வெற்றி வந்துவிட்டதா? அதுதான் இல்லை. எலெக்ட்ரான்கள் முடுக்கம் பெற்றன. ஆனால் ஒன்று மெதுவாக, ஒன்று விரைவாக, ஒழுங்கற்ற கூட்டமாக வெளிவந்தன. ஒரே சீரான ஆற்றலுடைய கற்றை கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் குழுக்கள், தனித்தனியே கண்ட முடிவுகளை, 'நேச்சர்' ஏட்டின் ஒரே இதழில் வெளியிட்டன. எண்ணம் பிறந்து கால் நூற்றாண்டு கழித்து!

அதன்பின்னும் ஓர் இடையூறு. குவித்த ஒளி குவிந்தபடியே செல்லாது. சில மில்லிமீட்டரில் விரிந்துவிடும். விரிந்தால் வலிமை போச்சு, அலை போச்சு, முடுக்கம் போச்சு. ஆகவே ஒளிக்கு வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. நீலமணிக்கல்லில் முடிபோன்ற நுண்ணிய துளையிட்டு, அதிலே வாயுவை நிரப்பி, மின்சாரம் பாய்ச்சினர். நடுப்பகுதி வெப்பமேறி அடர்த்தி குறைந்தது. ஓரப்பகுதி குளிர்ந்து அடர்த்தி மிகுந்தது. அந்த ஏற்றத்தாழ்வே கரையாக நின்று ஒளியை நடுவிலே நடத்திச் சென்றது. 2006இல் 3.3 சென்டிமீட்டரில் 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட். 2014இல் 9 சென்டிமீட்டரில் 420 கோடி. 2019இல் மற்றொரு லேசரால் வாய்க்காலின் நடுவை மேலும் சூடேற்றி, 20 சென்டிமீட்டரில் 780 கோடி. 2024இல் வெளிவந்த முடிவின்படி, ஒளியாலேயே வெட்டிய 30 சென்டிமீட்டர் வாய்க்காலில் 920 கோடி. சில துகள்கள் 1,000 கோடியையும் தாண்டின. ஸ்டான்ஃபோர்டுப் பொறியில் இந்த ஆற்றலுக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். இங்கே பள்ளிப்பிள்ளையின் அளவுகோல் நீளம் போதும்!

தவறாத மந்திரமும், தவறித் திருந்தும் அறிவும்

இனி அஸ்திரக்காரரைக் கேட்போம். பணிவோடுதான் கேட்போம்.

ஐயா! உங்கள் அக்கினி அஸ்திரம் எவ்வளவு ஆற்றலுடையது? அளந்தவர் யார்? எந்தக் கருவியால் அளந்தார்? எந்தப் பட்டறையில் அது வார்க்கப்பட்டது? அதைச் செய்வதற்கு வேண்டிய உலோகத்தை உருக்கிய உலை எங்கே? முதல்முறை செய்தபோது எங்கே பிழைத்தது? பிழையை எப்படித் திருத்தினர்? இரண்டாம் முனிவர் முதல் முனிவரின் கணக்கைச் சரிபார்த்தாரா? பார்த்தாரெனில் அந்த ஏடு எங்கே?

விடை வராது. "நம்பிக்கை வேண்டும் தம்பி!" என்ற உபதேசம்தான் வரும். பெர்க்லியிலே எவரும் நம்பிக்கை கேட்கவில்லை. குழலின் நீளம் இது, துளையின் விட்டம் இது, வாயுவின் அடர்த்தி இது, துடிப்பின் நேரம் இது என்று எழுதி வைத்தார்கள். "ஐயமிருந்தால் நீயும் செய்து பார்" என்றார்கள்.

இன்னுமொரு வேறுபாடு. அஸ்திரம் தவறுவதே இல்லை. விஞ்ஞானமோ தவறுகிறது, தவறியதை ஒளிக்காமல் சொல்கிறது, சொல்வதால் திருந்துகிறது. எலெக்ட்ரான் முன்னே ஓடி அலையைவிட்டு நழுவுகிறது என்று அவர்களே எழுதினார்கள். துடிப்பு தன் ஆற்றலை அலைக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோகிறது என்றும் அவர்களே எழுதினார்கள். அதனால் ஒரு முடுக்கியின் வாயிலில் மற்றொன்றை வைத்து, முதற்கட்டத்தில் ஏறியதை இரண்டாம் கட்டத்திற்கு மாற்றும் முயற்சி நடந்தது. 2016இல் அது கைகூடியதாக அறிவித்தார்கள். இரண்டாம் கட்டத்தில் கூடியது ஏறத்தாழ 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட்தான் என்பதையும் மறைக்காமல் அறிவித்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலே, 2020இல் வெளியான ஆய்வில், ஒரு நாளுக்கும் மேலாகப் பொறியை ஓய்வின்றி ஓட்டி, 1,00,000 கற்றைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினர். எதற்கு? விழாக் கொண்டாடவா? அல்ல! ஒரு கற்றைக்கும் மறு கற்றைக்கும் ஆற்றல் ஏன் மாறுகிறது என்று காரணம் தேட! தன் குறையைத் தானே இலட்சம் முறை எண்ணிப் பார்க்கும் துணிவுக்குப் பெயர் விஞ்ஞானம். தன் பெருமையைத் தானே இலட்சம் முறை சொல்லிக்கொள்வதற்குப் பெயர் வேறு.

கர்ணன் மறந்தது ஏன்?

"கதையென்றே வைத்துக்கொள்ளுங்களேன்! அதிலே அறிவியல் கற்பனை இருக்கிறதே, அதைப் பாராட்டக் கூடாதா?" என்று நயமாகக் கேட்போரும் உண்டு. கற்பனையைப் பாராட்ட நமக்குத் தடையில்லை. ஆனால் அந்தக் கதை அறிவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முழுதும் படித்தீர்களா?

மகாபாரதத்திலே கர்ணன் துரோணரிடம் செல்கிறான். பிரம்மாஸ்திரத்தைக் கற்றுத் தருமாறு வேண்டுகிறான். நோன்பு நோற்ற பார்ப்பனருக்கோ, தவமியற்றிய சத்திரியருக்கோ உரியது அது என்று துரோணர் மறுக்கிறார். ஆற்றல் இல்லையென்று மறுக்கவில்லை. ஆர்வம் இல்லையென்று மறுக்கவில்லை. குலம் இல்லையென்று மறுக்கிறார். கர்ணன் பரசுராமரிடம் செல்கிறான். பார்ப்பனன் என்று சொல்லிக் கற்கிறான். கற்பதிலே குறை வைத்தானா? இல்லை. ஆசானின் உறக்கம் கலையக்கூடாதென்று, வண்டு தொடையைத் துளைத்தபோதும் அசையாதிருந்தவன் அவன். பார்ப்பனன் அல்லன் என்பது வெளிப்பட்டது. உடனே சாபம்! வேண்டிய வேளையிலே அஸ்திரம் மறந்துபோகும்! களத்திலே தேர்ச்சக்கரம் புதைந்தது, கற்ற மந்திரம் மறந்தது, கர்ணன் மாண்டான்.

ஏகலைவன் கதையைச் சொல்லவும் வேண்டுமா? ஆசானின் மண்ணுருவை வைத்துத் தானே கற்ற வேடனிடம் கேட்கப்பட்ட காணிக்கை, வலக்கைக் கட்டைவிரல்!

ஆம், தோழர்களே! அஸ்திரக் கதையின் உட்பொருள் ஏவுகணையல்ல, பூட்டு. யார் கற்கலாம், யார் கற்கக்கூடாது என்னும் பூட்டு. கற்றாலும் கைக்கு உதவாமல் செய்துவிடும் பூட்டு. அந்தப் பூட்டைத்தான் "நம் பண்டை விஞ்ஞானம்" என்று பளபளப்பாகத் துடைத்து, 2019ஆம் ஆண்டிலே, பிள்ளைகளின் கையிலே கொடுத்தார்கள். அரங்கிலே இருந்த பிள்ளைகளுள் கர்ணன்கள் எத்தனை பேர்? ஏகலைவன்கள் எத்தனை பேர்? விரல் வெட்டப்பட்டவன் வீட்டுப் பிள்ளையிடமே, வெட்டிய கத்தியை "உன் பாட்டன் சொத்து" என்று நீட்டுவதுபோன்ற கொடுமையல்லவா இது?

லேசர் குலம் கேட்டதா? 1985இல் அந்த வழியைக் கண்டபோது ஸ்ட்ரிக்லண்டுக்கு வயது 26. பட்டத்திற்காகப் பயின்றுகொண்டிருந்த மாணவி. அவர் ஆணா பெண்ணா என்று துடிப்பு கேட்கவில்லை. பாதி வேலையிலே மறந்து போகவுமில்லை. அவர் எழுதிய வழியைப் பின்பற்றி ஷாங்காயிலே செய்தாலும் துடிப்பு எழுகிறது. இந்தூரிலே செய்தாலும் எழுகிறது. சாபத்திற்கு அஞ்சாத அறிவு அது. சாதிச் சான்றிதழ் கேட்காத அறிவு அது.

"அங்கே மட்டும் பூட்டு இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது, இருக்கிறது. இயற்பியலுக்கு நோபல் பரிசு 1901 முதல் வழங்கப்படுகிறது. 1903இல் மேரி கியூரி. 1963இல் மரியா கோப்பர்ட் மேயர். அதன்பின் 2018இல்தான் ஸ்ட்ரிக்லண்ட். 117 ஆண்டுகளில் மூன்றே பெண்கள்! நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாளிலே அவர் வகித்த பதவி இணைப் பேராசிரியர் பதவிதான். இதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே பூட்டு, அறிவைச் சுற்றி மனிதர் போட்டது. அதைக் குற்றமென்று சொல்லி உடைக்கிறார்கள். இங்கேயோ, பூட்டே அறிவின் இலக்கணம் என்கிறது கதை. அதைப் புனிதமென்று சொல்லி விளக்கேற்றுகிறார்கள். குற்றத்தைத் திருத்தலாம். புனிதத்தைத் திருத்த முடியுமா?

நம் வீட்டுத் தூசும் துடைப்போம்

வடவர் புராணத்தை மட்டும் சாடிவிட்டு, நம் வீட்டுத் தூசை மறைத்தால் நாம் நேர்மையானவரல்லர். "அணுவைப் பிளக்கும் வித்தை தமிழனுக்கு அன்றே தெரியும்" என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையேயும் உண்டு. குறளைப் புகழ்ந்து பாடிய பழம்பாட்டிலே அணு என்னும் சொல் வருகிறதாம். அதனால் அணு விஞ்ஞானம் நம்முடையதாம்! புலவர் புகழ்ந்தது குறளின் சுருக்கத்தை. சொன்னது அழகிய உவமை. உவமையை உலைக்கூடமாக்குவது புலவருக்கும் இழிவு, விஞ்ஞானிக்கும் இழிவு. தமிழின் பெருமை, அதிலே எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்பதிலல்ல. இனி எதையும் அதிலே சொல்ல முடியும் என்பதில் இருக்கிறது.

பெருமை வேண்டுமா? உண்மையான பெருமைக்குப் பஞ்சமில்லை. இந்தியாவிலே பிறந்த சந்திரசேகர் ஜோஷி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பிளாஸ்மாவைக் கொண்டு துகள்களை முடுக்கும் துறையை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மேக்ஸ்வெல் பரிசை 2006இல் பெற்றவர். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்திலும், மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் கடுமையான லேசர்த் துடிப்புகளைக் கொண்டு ஆய்வு நடக்கிறது. இவர்களுள் எவரும் ஓலைச்சுவடியைப் பிரித்து வைத்துக்கொண்டு லேசரைக் கட்டவில்லை. இவர்கள் பெயர்களை ஜலந்தர் அரங்கிலே சொல்லியிருந்தால், எத்தனை பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்திருக்கும்!

ஏழைக்கு என்ன பயன்?

"வயிற்றுக்கில்லாதவனுக்கு வானத்து மின்னல் எதற்கு?" என்பது மற்றொரு கேள்வி. இதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஏழையின் பெயரால் கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்வது நம் கடமை.

துகள் முடுக்கி என்பது பெரிய நாடுகளின் விளையாட்டுப் பொருளல்ல. புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சை தரும் பொறி எதுவென்று நினைக்கிறீர்கள்? அதுவும் எலெக்ட்ரானை முடுக்கும் பொறிதான். புரோட்டான்களை முடுக்கிச் சிகிச்சை தரும் நிலையமோ பெருங்கட்டடம், பெருஞ்செலவு. மாவட்டந்தோறும் அமைக்க முடியாதது. கிலோமீட்டரைச் சென்டிமீட்டராக்கும் அறிவு முதிர்ந்தால், ஒருநாள் இந்த நிலை மாறக்கூடும். "மாறிவிட்டது" என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், லேசரால் முடுக்கப்பட்ட புரோட்டான்களைக் கொண்டு எலிகளின் கட்டிகளுக்குக் கதிரூட்டிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழி நீளமானது. லேசர்ப் பொறியும் இன்னும் சிறியதல்ல. குழல் கைக்குள் அடங்கும், குழலுக்கு ஒளியூட்டும் லேசருக்கு ஒரு பெரிய கூடமே வேண்டும். இத்தனையும் சொல்லித்தான் நாம் வாதாடுகிறோம். வெந்து முடியாத சோற்றை வெந்துவிட்டதென்று பரிமாறுவது அஸ்திரக்காரர் வழக்கம், நம் வழக்கமல்ல.

பணக்கார நாடுகளுக்குத்தான் இது முடியும் என்பாரும் உண்டு. ருமேனியா நாட்டைப் பாருங்கள். ஐரோப்பாவின் செல்வச் சீமான்களுள் ஒன்றல்ல அது. அங்கே மெகுரேலே என்னும் ஊரிலே, ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையுடன் கட்டிய லேசர், 2019 மார்ச்சில் 10 பெட்டாவாட் வலிமையை எட்டிற்று. பெர்க்லித் துடிப்பைப்போல் பத்து மடங்குக்கும் மேல்! ஜலந்தரிலே சக்கரம் சுழன்ற அதே ஆண்டு! கூட்டுறவும் குறிக்கோளும் இருந்தால் எளிய நாடும் முன் நிற்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நாம் கேட்பது

எனவே, நாம் கேட்பது இவை.

அறிவியல் மேடையிலே ஏறுவோர், எவ்வளவு உயர்ந்த பதவியிலிருப்பினும், பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் ஒவ்வொருவரின் கடமை என்று இந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு 1977 முதல் கூறிவருகிறது. குடிமகனின் கடமை, துணைவேந்தருக்கு மட்டும் விலக்கா?

பள்ளிகளிலே பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடங்கள் திறக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரி வரும் நாளில் தூசு தட்டப்படும் கண்ணாடி வில்லையால் என்ன பயன்? ஒளியைக் குவித்து, குவிந்த ஒளி மீண்டும் விரிவதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைக்குத்தான், ஒளிக்கு வாய்க்கால் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

இக்கால விஞ்ஞானத்தைத் தமிழிலே, தயக்கமின்றி எழுத வேண்டும். மேலே நாம் சொன்ன பிளாஸ்மாவும் அலையும் வாய்க்காலும் உங்களுக்குப் புரிந்திருந்தால், புரியவைத்தது தமிழ்தான். புரியாதிருந்தால் குறை எழுதிய கைக்குரியது, மொழிக்குரியதல்ல. வேறு கைகள் இன்னும் நன்றாக எழுதட்டும்!

1940களிலே பெரியார் 'இனிவரும் உலகம்' பற்றிப் பேசினார். அறிவின் துணையால் நாளை இவையிவை வரும் என்றார். நேற்றே எல்லாம் வந்துபோய்விட்டன என்று சொல்லவில்லை. பகுத்தறிவாளன் பார்ப்பது முன்னோக்கி. பழமை விற்போன் பார்ப்பது பின்னோக்கி. பின்னோக்கிப் பார்ப்பவன் பின்னே போகட்டும். பிள்ளைகளின் முகத்தையும் பிடித்துத் திருப்ப அவனுக்கு என்ன உரிமை?

கர்ணனுக்குக் கற்றது மறந்தது. காரணம், அது கட்டிவிட்ட கணை, குலத்திற்குக் கட்டுப்பட்ட கணை. கண்டறிந்த கதிரோ யாருக்கும் மறவாது, யாரையும் மறுக்காது. அதைக் கற்கும் உரிமை, சேரியிலே பிறந்த சிறுமிக்கும் உண்டு. செம்படவன் வீட்டுச் சிறுவனுக்கும் உண்டு. அவர்களிடம் போய், "எல்லாம் அன்றே முடிந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். "உனக்காக இன்னும் எவ்வளவோ மிச்சமிருக்கிறது" என்று சொல்லுங்கள். அது உண்மை, அதுவே அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.